ஒரே டப்பாவில் கொட்டிய மாத்திரைகள்

அப்பாவுக்கு வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. எதிர் வீட்டு மாமாவுக்கு அதற்கு ஒரு மாதம் கழித்து இடது கையும் இடது காலும் போயின. வாய் மட்டும் போகவில்லை. போயிருந்தால் ஆவடி கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும்.

"மச்சான், ஒன் இட்து, என் வல்து. ரெண்டியும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும். மெஷின்ல நிக்க வெச்சா ஷிப்ட்ட முட்ச்சிட்டு ஊட்டுக்கு வந்துரும்" என்பார் மாமா, எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

அப்பா சிரிப்பார். பாதி முகம்தான் சிரிக்கும். பிறகு "ஷிப்ட்டு" என்பார். மூளையில் அடைப்பு வந்த பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சொல் அது. பசித்தால் ஷிப்ட்டு, பாத்ரூம் போகணும் என்றால் ஷிப்ட்டு, என் மேல் கோபம் வந்தால் இரண்டு தடவை ஷிப்ட்டு. நாங்கள் தண்ணீரா, போர்வையா, ஃபேனா என்று ஏலம் விடுவோம். மாமா வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முதுவு அரிக்குதுன்றான், சொறிஞ்சி வுடு தங்கச்சி" என்பார். அதுதான் சரியாகவும் இருக்கும்.

இருவரும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஒரே ஷாப்பில், ஒரே பட்டறையில், வேலை பார்த்தவர்கள். மாமாவின் அப்பா செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். மாமாதான் அவர்கள் குடும்பத்தில் முதல் பேண்ட் போட்ட ஆள். என் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் மாமாவும் அத்தையும் பேசுவது அவளுக்கு ஒரு வார்த்தை புரியாதாம். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் பேச்சு புரிய வேண்டிய அவசியமே இல்லை. ரேஷனில் பாமாயில் வந்தால் ஒரு வீடு போய் வாங்கும், நாலு வீடு பிரித்துக்கொள்ளும். எங்கள் குழாயில் தண்ணீர் வந்தால் அவர்கள் அண்டா நிறையும். அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பு எங்கள் வீட்டில் வேறு மூடி போட்டு இருக்கும். இது எங்கள் பெருமை. இதில்தான் கடைசியில் மாட்டிக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் சிட்டியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அப்பாவையும் மாமாவையும் சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒரு தடவை அடைத்துக்கொண்டவர்களுக்கு இன்னொரு தடவை அடைக்காமல் ஒரு மாத்திரை தடுக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. வழக்கமான பிரஷர் மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு இந்தப் புது மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்தில்லாத மாத்திரை. சேர்ந்தால் ஸ்கேன் காசில்லாமல் எடுப்பார்கள், மாதாமாதம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு வீடும் சேர்ந்தது.

கண்ணாடி போட்ட இளம் பெண் டாக்டர் ஒருவர் எங்களை எல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார். "எந்த பாட்டில்ல எது இருக்குன்னு எனக்கும் தெரியாது, எங்க சீஃபுக்கும் தெரியாது. தெரிஞ்சா எங்களை அறியாமலே ஒருத்தரை நல்லா கவனிச்சிடுவோம். அதனால ஆராய்ச்சி முடியுற வரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப குலுக்கல் சீட்டுன்னு சொல்லு டாக்டரம்மா" என்றார் மாமா.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எங்க லைன்ல குலுக்குனா மொதல்ல என் பேருதான் வரும். மச்சான், ஒனக்கு மாவுதான், போ."

டாக்டரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். இது விழுந்த கை காலை எழுப்புகிற மாத்திரை இல்லை, அதற்குப் பயிற்சிதான் வழி. இது திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்ப்பதற்கு மட்டும்தான் என்று. நான் கேட்டேன். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவளுக்கு மாத்திரை என்றால் ஒரே அர்த்தம்: விழுங்கினால் எழுந்து நடக்க வேண்டும். மாவு என்று மாமா விளையாட்டாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மாதாமாதம் ஒரு திருவிழா மாதிரி மின்சார ரயிலில் போவோம். அம்மா எலுமிச்சம் சாதம், அத்தை வறுத்த மீன். திரும்பும்போது ஆளுக்கொரு புது மாத்திரை பாட்டில் கையில் இருக்கும். ஒரு தடவை மாமா தன் பாட்டிலை என் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

"பாப்பா, ஒங்க காலேஜ் லேப்ல இத்த ஒண்ணு ஒட்ச்சிப் பாரேன். மருந்தா மாவான்னு தெர்ஞ்சிக்கலாம்."

"மாமா, எங்க லேப்ல குடுக்கிற உப்பு என்னன்றதையே நான் பக்கத்துப் பொண்ணைப் பாத்துதான் எழுதுறேன்."

"இதுக்கா தெனம் ரயிலேறிப் போற? அந்த நேரத்துக்கு ஊட்ல தோசையாவது சுட்டுப் போட்டிருக்கலாம்."

தை பிறந்தபோது மாமா கைத்தடியோடு குழாயடி வரைக்கும் நடக்க ஆரம்பித்தார். அங்கே நின்று பெண்களின் குடச் சண்டைக்கு நடுவராக இருந்து தீர்ப்பு சொல்வார். அப்பா மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். தூக்கி நிறுத்தினால் வலது பக்கம் நனைந்த துணி மாதிரி சரிவார். அம்மா எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று மாமா நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது பொறாமை இல்லை. பயம்.

பூந்தமல்லியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தாள். புறா ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் தேய்த்தால் விழுந்த கால் எழும் என்றான் அவன். வீடு முழுக்க ஒரு வாரம் நாற்றம். மாமா வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, புறா பறக்குறது சரி. மச்சான் பறக்க வாணாம், நடந்தா போதும்."

அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு மருந்து விழுந்திருக்கு அண்ணே, நடக்கிறீங்க. இவருக்கு மாவு" என்றாள். மாமா தடியைத் திருப்பி ஊன்றி எதிர் வீட்டுக்குப் போனார்.

அடுத்து நடந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அம்மா சொன்னபடியே எழுதுகிறேன். நான் காலேஜில் இருந்த ஒரு மத்தியானம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். அத்தை சர்க்கரை கேட்டு உள்ளே வந்தாளாம்.

"இன்னாக்கா, வெங்காயமா?"

"இல்ல. இவரு இப்படியே போயிடுவாரு. எங்க பாட்டில்ல ஒண்ணுமே இல்ல."

அத்தை சர்க்கரைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய், தன் வீட்டு மாத்திரை பாட்டிலோடு திரும்பி வந்தாளாம்.

"ஒரு டப்பா குடு."

"எதுக்கு?"

"மருந்து எங்கூட்ல கீதோ, ஒங்கூட்ல கீதோ. ரெண்டியும் ஒண்ணா கொட்டி ஆளுக்குப் பாதி எட்துக்கலாம். பாமாயில் பிரிக்கல? அது மாரிதான்."

"டாக்டர் திட்டுவாங்கம்மா."

"எது எதுன்னு அவங்களுக்கே தெரியாதுன்னாங்க. அப்பறம் இன்னாத்த திட்றது?"

எவர்சில்வர் டப்பாவில் இரண்டு பாட்டிலையும் கொட்டி, மூடி போட்டுக் குலுக்கி, எண்ணிப் பிரித்து பாட்டில்களில் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் புது பாட்டில் வந்த அன்றைக்கே இது நடந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். உலகத்தில் எத்தனையோ ஊரில் இந்த மாதிரி ஆராய்ச்சி நடக்கும். எதிரெதிர் வீட்டுக்காரிகள் இரண்டு பேர் அன்பு தாங்காமல் அதைக் கலைத்துப் போட்டது எங்கள் லைனில் மட்டும்தான் நடந்திருக்கும்.

ஆடி மாதத்தில் அப்பா எழுந்தார். பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண் விடாமல் படுத்தியதாலா, மூளையில் காயம் ஆறுகிற காலம் வந்ததாலா, யாருக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து வாசல் வரை வந்தார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. லைனே கூடிவிட்டது. அம்மாவும் அத்தையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்ட விதம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மாமா தடியால் தரையைத் தட்டினார். "ஏன்டா மச்சான், என் மாத்திரைய துன்னுட்டு எனக்கு முன்னாடியே ஓட்றியா?"

"ஷிப்ட்டு" என்றார் அப்பா. அழுதுகொண்டே.

நான் வழக்கமான மாமா ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது இப்போது புரிகிறது. தெரிந்துதான் பாதியை விழுங்கியிருக்கிறார்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலையில் மாமா குழாயடியில் விழுந்தார். யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார் என்றார்கள். குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன, யாரும் குழாயை மூடவில்லை. ஃபேக்டரி ஆம்புலன்ஸ் வந்தது. இந்தத் தடவை வாயும் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கவே இல்லை. மூளையில் பெரிய குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். அந்த வாரமே போய்விட்டார்.

உடம்பை லைனுக்குக் கொண்டுவந்தபோது அப்பா தானாக நடந்து எதிர் வீட்டுக்குப் போனார். நாற்காலி போடச் சைகை காட்டி மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். என்னென்னவோ நிறையச் சொன்னார். எல்லாம் அந்த ஒரே சொல்லில். ஏற்றி இறக்கி, கெஞ்சி, அதட்டி. அதைப் புரிந்து எங்களுக்குச் சொல்லக்கூடிய ஆள் கீழே படுத்திருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அம்மா எனக்கு டப்பா கதையைச் சொன்னாள். கடைசியில், "நான் அவரு மருந்தைப் பிடுங்கிட்டேன்டி. முழுசா சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாரு" என்றாள்.

"ம்மா, உனக்குப் பைத்தியமா? யாராவது செய்வாங்களா இப்படி?"

"செஞ்சிட்டேனே."

கையைப் பிடித்து ரயிலேற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"நான் இதை மேல சொல்லணும். சொல்றேன். ஆனா அம்மா, அந்த மாத்திரை நடக்க வைக்கிறது இல்லை. எதிர் வீட்டுக்காரர் சீக்கிரம் நடந்தது அவருக்கு மூளையில அடி கம்மியா பட்டதால. உங்க வீட்டுக்காரர் லேட்டா நடந்தது அடி ஜாஸ்திங்கறதால. அதை வெச்சு எது மருந்துன்னு சொல்லவே முடியாது."

அம்மா காதில் ஒன்றும் ஏறவில்லை. "அவரு பாட்டில்ல இருந்தது எது?" என்றாள்.

"முடியற வரைக்கும் எனக்குச் சொல்ல மாட்டாங்க. முடிஞ்சதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அதுவரை அம்மா பாதி உயிரோடுதான் இருந்தாள். குழம்பில் உப்பு போட மறப்பாள், போட்டதை மறந்து திரும்பப் போடுவாள். எதிர் வீட்டுப் பக்கம் ஜன்னலைச் சாத்தியே வைத்தாள்.

வேலை செய்த ஆள் போய்விட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அத்தைக்கு ஒரே பெண், அவளும் கல்யாணமாகி வேலூரில். மாமா திருநின்றவூரில் ஒரு மனை வாங்கி, சுவர் எழுப்பி, பூச்சு வேலைக்கு முன் நிறுத்தி வைத்திருந்தார். அத்தை தனியாக அங்கே போனாள். வண்டியில் சாமான் ஏற்றிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. அத்தை நேராக அப்பாவிடம் போனாள்.

"நீ நடக்கறத வுட்றாத அண்ணா. எங்கூட்டுக்காரரு ஒங்கால்லதான் நடந்துகினு கீறாரு."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கையில் அது ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னாள். சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அப்பாவைத் திருநின்றவூருக்கு அழைத்துப் போனாள். அவர் நடப்பதை அத்தைக்குக் காட்டுவதற்காக. தண்டனை மாதிரி போனாள்.

ஆராய்ச்சி முடிந்ததாக டாக்டர் சொல்லி அனுப்பியபோது நான் மட்டும் போனேன். காரிடாரில் நின்றே சொல்லிவிட்டார். மருந்து இருந்தது அப்பாவின் பாட்டிலில். மாமாவின் பாட்டிலில் மருந்தில்லாத மாத்திரை.

ரயிலில் உட்காரவே முடியவில்லை எனக்கு. பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர் என்று ஸ்டேஷன்கள் வேண்டுமென்றே மெதுவாக வந்தன. வீட்டுக்குள் செருப்போடு ஓடினேன்.

"ம்மா, நீ யார் மருந்தையும் பிடுங்கல. மருந்து நம்ம பாட்டில்லதான் இருந்திருக்கு. நீதான் பாதியை அவங்களுக்குக் குடுத்திருக்க. மாமாவுக்குக் கெடைச்சதே உன்னாலதான்."

அம்மா முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த மனுஷனுக்கு மாவா குடுத்தாங்க?"

"அது குலுக்கல்மா. யாருக்கு வேணா விழலாம்."

"நம்மகிட்ட மருந்து இருந்திருக்கு. முழுசா அந்த மனுஷனுக்கே குடுத்திருந்தா?"

"ம்மா, இப்படிப் போனா இதுக்கு முடிவே இல்ல. அத்தைகிட்ட சொல்லிடலாம். அவங்களுக்கும் உன் மேல இருக்கிற வருத்தம் போகும்."

"சொல்லாத."

"ஏன்?"

"அவ புருஷன் உயிரு உங்க அப்பா கால்ல இருக்குன்னு நெனச்சுக்கிட்டுதான் அந்தச் செங்கலுக்குள்ள தனியா படுத்திருக்கா. அவரு வெறும் மாவை முழுங்கிட்டுச் சும்மா செத்தாருன்னு போய்ச் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நீ மருந்தைப் பிடுங்குனதா அவங்க நெனச்சுக்கிட்டே இருக்கட்டுமா?"

"நெனச்சுக்கட்டும்."

கத்தினேன். உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதற்காகத்தானே அத்தனை டாக்டர்கள் தங்கள் கண்ணையே கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள் என்று. அம்மா காய் நறுக்கப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பூசாத சுவர்கள், சிமெண்டுத் தரை, ஜன்னலுக்குக் கதவு இல்லாமல் கோணி கட்டியிருந்தது. அத்தை இளைத்திருந்தாள். டீ கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆராய்ச்சி முட்ஞ்சிடுச்சாமே. எனக்கும் வரச்சொல்லி ஆள் அனுப்ச்சாங்க. இனிமே எனக்கு அங்க இன்னா வேல, போவல. நீங்க போனீங்களா? எதுல மருந்து கீதாம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அத்தையைப் பார்த்தாள்.

"உங்க பாட்டில்லதான்" என்றாள் அம்மா.

அத்தை தலையாட்டினாள். "எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவில்லாத அறை. அவள் அழுவது எங்களுக்கு முழுசாகக் கேட்டது, அந்த அழுகையில், நானே குடுத்துட்டேனே, நானே குடுத்துட்டேனே என்பதும் கேட்டது. அம்மா டீயைத் தரையில் வைத்தாள். தான் சொன்னது மருந்தா விஷமா என்று அவளுக்கே தெரியவில்லை என்பது அந்த முகத்தில் இருந்தது. எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அப்பா இடது கையால் அவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நட அண்ணா, பாப்போம்."

அப்பா சுவரைப் பிடிக்காமல் அந்த ஹாலின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். அத்தை ஒவ்வொரு அடியாகப் பார்த்தாள். அவர் அவள் முன்னால் வந்து நின்றபோது, தரையில் தேய்ந்து வந்த வலது காலில் வெள்ளையாகச் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. அத்தை குனிந்து அதை முந்தானையால் துடைத்துவிட்டாள், விரல் விரலாக.